வீட்டில் டோஃபு டாக்கோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோஃபு டாக்கோ (மெக்சிகோ பாணியில், டோர்டியா எனும் மெல்லிய ரொட்டிக்குள் டோஃபு வைத்து மடித்தது) செய்தோம், சப்பென்று இருந்தது என்பவர்களைக் கொஞ்சம் விசாரித்தால் விஷயம் பெரும்பாலும் ஓர் இடத்தில்தான் வந்து நிற்கும்: டோஃபுவில் இருந்த தண்ணீர். மசாலா போதவில்லை, சாஸ் சரியில்லை என்று பழி எங்கெங்கோ போகும், ஆனால் தண்ணீரை ஒழுங்காக வெளியேற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். கீழே உள்ள பதில்களில் பல சுற்றிச் சுற்றி அங்கேதான் போகின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் நாலைந்து வகை டோஃபு இருக்கிறது. எதை எடுப்பது?

பாக்கெட்டில் ஃபர்ம் அல்லது எக்ஸ்ட்ரா ஃபர்ம் என்று போட்டிருப்பதை எடுங்கள். தண்ணீரே இல்லாமல் பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கமாக அடைத்து வரும் சூப்பர் ஃபர்ம் கிடைத்தால் இன்னும் வசதி, பிழிகிற வேலையே கிட்டத்தட்ட இல்லை. இந்தக் கெட்டி வகைகள் எல்லாம் சோயாப்பாலில் கால்சியம் சல்ஃபேட்டோ, நிகாரி எனப்படும் மெக்னீசியம் குளோரைடோ சேர்த்துத் திரியவிட்டு, துணியில் வடித்து, மேலே எடை வைத்து அழுத்தியவை. எவ்வளவு அழுத்தினார்களோ அவ்வளவு கெட்டி, அவ்வளவுதான் வித்தியாசம்.

சில்கன் டோஃபு மட்டும் வேண்டாம். அது வடிக்காமல் அப்படியே உறையவிட்டது, வாணலியில் போட்டால் கூழாகிவிடும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் தூக்கிப் போடாதீர்கள், எலுமிச்சைச் சாறு, ஒரு பல் பூண்டு, உப்பு சேர்த்து மிக்ஸியில் அடித்தால் டாக்கோவின் மேலே ஊற்ற நல்ல கிரீம் கிடைக்கும்.

மேலே கனமான பொருள் வைத்து அரை மணி நேரம் அழுத்தச் சொல்கிறார்களே, கட்டாயமா?

எப்படி வெட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சதுரத் துண்டுகளாகவோ நீளவாக்கிலோ வெட்டுவதாக இருந்தால் ஆமாம், சுத்தமான துணியில் சுற்றி, மேலே ஒரு தட்டு, அதன்மேல் கனமான வாணலி என்று 20 முதல் 30 நிமிடம் வைப்பது நல்லது. கொஞ்சம் சாய்வாக வைத்தால் தண்ணீர் தானாக ஒரு பக்கம் வடியும். ரொம்பக் கனம் வைத்தால் டோஃபு ஓரத்தில் பிளந்துகொள்ளும், அதில் ஒன்றும் பெரிய நஷ்டம் இல்லை.

உதிர்த்துப் போடப் போகிறீர்களா? அப்படியானால் அரை மணி நேரம் காத்திருக்கவே வேண்டாம். பெரிய பெரிய துண்டுகளாக உடைத்து, துணிக்குள் போட்டு முறுக்கிப் பிழிந்துவிடுங்கள். உடையக் கூடாதே என்ற கவலை இல்லாததால் நன்றாகவே முறுக்கலாம், ஒரு நிமிட வேலை.

அவசரம் என்றால் இன்னொரு வழி: வெட்டிய துண்டுகளைக் கொதிக்கக் கொதிக்க உப்புத் தண்ணீரில் ஒரு 15 நிமிடம் போட்டு எடுத்துத் துடைப்பது. தண்ணீரை எடுக்கத் தண்ணீரிலேயே போடுவதா என்று தோன்றும். ஆனால் சூட்டில் டோஃபுவின் புரதம் இறுகி உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே தள்ளும், மேற்பரப்பில் உப்பும் ஏறும். துடைத்ததும் வாணலியில் போட்டால் சீக்கிரம் சிவக்கும்.

ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் நன்றாக இருக்கும் என்கிறார்களே?

உண்மைதான், நேரம் இருந்தால் நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். உள்ளே இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி விரியும்போது டோஃபுவில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். உருகிய பிறகு கையில் எடுத்துப் பிழிந்தால் ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீரைக் கக்கிவிடும், மெல்லும்போதும் நல்ல நாரான பதம் இருக்கும். முன்னைவிட சாஸையும் நன்றாக உறிஞ்சும்.

ஃப்ரீசரில் இருக்கும்போது மஞ்சளாகத் தெரியும், கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், உருகியதும் பழையபடி வெளுத்துவிடும். ஓர் இரவு உறையவிட்டு, மறுநாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக்குங்கள். அவசரமாக இருந்தால் சுடுதண்ணீரில் மூழ்க வைக்கலாம்.

துண்டுகளாகப் போடுவதா, உதிர்த்துப் போடுவதா?

என் ஓட்டு உதிர்த்ததற்கே. டாக்கோ கையில் மடித்துச் சாப்பிடுகிற பண்டம். பெரிய சதுரமாக இருந்தால் ஒரு கடிக்கு ஒரு துண்டு முழுசாக வந்துவிடும், அடுத்த கடியில் வெறும் டோர்டியாதான் மிஞ்சும். தவிர, துண்டின் வெளிப்பக்கம்தான் மசாலா, உள்ளே வெறும் வெள்ளை. உதிர்த்தால் ஓரங்கள் அதிகம், ஓரங்கள் அதிகமானால் முறுகுகிற இடமும் மசாலா ஒட்டுகிற இடமும் அதிகம்.

ரொம்பப் பொடியாக உதிர்க்காதீர்கள். சுண்டுவிரல் நகம் அளவில் தொடங்கி அதில் பாதி வரை, ஒன்றுக்கொன்று ஒழுங்கில்லாமல் இருக்கட்டும். வதங்கும்போது எல்லாம் இன்னும் சுருங்கும். துருவியின் பெரிய ஓட்டையில் துருவுவதும் ஒரு வழி, அது அவனில் (oven) செய்வதற்கு நன்றாகப் பொருந்தும்.

துண்டுகள்தான் வேண்டும் என்றால், 200 கிராம் டோஃபுவுக்கு ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரும் உப்பும் தூவிப் புரட்டிப் பொரியுங்கள். அந்த மாவுப் பூச்சு இல்லாமல் சதுரத் துண்டுகள் மொறுமொறுப்பாக வருவது கஷ்டம்.

சரி, செய்முறையைச் சொல்லுங்கள்.

400 கிராம் எக்ஸ்ட்ரா ஃபர்ம் டோஃபுவுக்கு இது. சின்ன டோர்டியாவில் 8 முதல் 10 டாக்கோ வரும், அதாவது மூன்று பேருக்குத் தாராளம்.

அகலமான வாணலியில் 2 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு நன்றாகக் காய்ந்ததும், பிழிந்து உதிர்த்த டோஃபுவைப் பரப்பிவிடுங்கள். அரைத் தேக்கரண்டி உப்பு. அவ்வளவுதான், இப்போதைக்கு மசாலா எதுவும் வேண்டாம். தீ மிதத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். கை சும்மா இருக்காது, கிளறத் தோன்றும், கிளறாதீர்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை அடியோடு வாரிப் புரட்டினால் போதும். முதலில் ஆவி வெளியேறுகிற ஒரே சீரான இரைச்சல் கேட்கும், டோஃபு வாணலியோடு ஒட்டிக்கொண்டு அடம் பிடிக்கும். ஏழெட்டு நிமிடம் கழித்து அந்த இரைச்சல் அடங்கி, பட்பட்டென்று எண்ணெய் வெடிக்கிற சத்தமாக மாறும், ஒட்டியிருந்ததும் தானாக விட்டுக்கொடுக்கும். தண்ணீர் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அங்கிருந்து இன்னும் நாலைந்து நிமிடத்தில் ஓரமெல்லாம் செம்பழுப்பாகிவிடும். தனியாக எடுத்து வையுங்கள்.

அதே வாணலியில் இன்னும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் ஒன்று. நிறம் மாறும்வரை வதக்கி, நசுக்கிய பூண்டு 4 பல், ஒன்றரைத் தேக்கரண்டி சீரகத்தூள், 2 தேக்கரண்டி புகைமணம் கொண்ட பாப்ரிகா தூள், ஒரு தேக்கரண்டி ஓரிகானோ சேர்த்து அரை நிமிடம் மட்டும் பிரட்டுங்கள், தூள்கள் கருகினால் கசக்கும். உடனே 2 மேசைக்கரண்டி கெட்டித் தக்காளி விழுது. அது பளிச்சென்ற சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு வந்ததும் ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சாஸும் கால் கப் தண்ணீரும் ஊற்றி அடியில் பிடித்ததைச் சுரண்டிவிடுங்கள். டப்பாவில் சாஸோடு வரும் சிபோட்லே மிளகாய் இருந்தால் ஒன்றை நசுக்கி இப்போது சேர்க்கலாம்.

இனி டோஃபுவை உள்ளே போட்டுப் புரட்டினால், காய்ந்து கிடக்கும் டோஃபு அந்தச் சாற்றை முழுக்க இழுத்துக்கொள்ளும். ஈரம் வற்றிய பிறகும் இரண்டு நிமிடம் அடுப்பிலேயே இருக்கட்டும், ஓரங்கள் மறுபடி முறுகும். அடுப்பை அணைத்துவிட்டு அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பு பாருங்கள். தனியாகச் சுவைக்கும்போது உப்பும் காரமும் ஒரு பிடி தூக்கலாகத் தெரிய வேண்டும். டோர்டியாவில் உப்பு அதிகம் இருக்காது, மேலே அவகாடோவும் வரப்போகிறது, எல்லாம் சேர்ந்தால் சரியாகிவிடும்.

மசாலாவில் முன்கூட்டியே ஊற வைக்க வேண்டாமா?

வேண்டியதில்லை. ஏற்கெனவே தண்ணீர் நிறைந்த பொருளுக்குள் மசாலா எங்கே போய் உட்காரும்? இரவு முழுக்க ஊற வைத்தாலும் உள்ளே போவது சொற்பம்தான், எண்ணெய் கலந்த மசாலாவென்றால் அதுவும் இல்லை. அதோடு ஈரமாக வாணலியில் விழுந்தால் சிவக்காமல் வேகும். முதலில் முறுகவிடுங்கள், பிறகு சாஸில் புரட்டுங்கள். வாணலியில் செய்யும்போது இந்த வரிசையை மாற்றாமல் இருந்தால் போதும்.

மெக்சிகோ மிளகாய் எல்லாம் எனக்குக் கிடைக்காது. என்ன செய்வது?

அங்கே பயன்படுத்தும் காய்ந்த மிளகாய்களில் ஆஞ்சோ லேசான இனிப்போடு காரம் குறைவாக இருக்கும், குவாஹியோ நல்ல சிவப்பும் மிதமான காரமும் தரும், ஆர்போல் சின்னது, நல்ல உறைப்பு. சிபோட்லே என்பது பழுத்த ஹலபீன்யோவைப் புகையில் காயவைத்தது. இவற்றில் ஒன்றும் இல்லையென்றால், கையில் இருக்கும் காய்ந்த மிளகாயை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, சுடுதண்ணீரில் ஊற வைத்து அரைத்துச் சேருங்கள், நிறத்துக்கும் புகைமணத்துக்கும் பாப்ரிகா இருக்கிறது. அப்படியே அசல் சுவை வராது, ஆனால் வேறொரு நல்ல டாக்கோ வரும்.

ஓரிகானோவிலும் ஒரு சங்கதி உண்டு. மெக்சிகோ ஓரிகானோவும் பீட்சா மேலே தூவும் ஓரிகானோவும் வேறு வேறு செடிகள், ஒரே குடும்பம்கூட இல்லை. இருப்பதைப் போடுங்கள், ஆனால் பீட்சா வாசம் தூக்கலாக வந்துவிடும் என்பதால் அளவைப் பாதியாக்குங்கள்.

சோள டோர்டியாவா, கோதுமை டோர்டியாவா?

மெக்சிகோவில் இரண்டும் உண்டு. கோதுமை டோர்டியா வடபகுதியின் பழக்கம், சோனோரா மாநிலம் அதற்குப் பேர்போனது. மற்றபடி பெரும்பாலும் மக்காச்சோளம்தான். இந்த டோஃபுவுக்கு நான் மக்காச்சோளத்தையே தேர்ந்தெடுப்பேன், அதன் வாசத்துக்குப் பக்கத்தில் கோதுமை கொஞ்சம் ஊமையாகத்தான் இருக்கிறது.

எதுவானாலும் சூடாக்காமல் பரிமாறாதீர்கள். பாக்கெட் டோர்டியா பச்சையாக இருக்கும்போது மடித்தால் நடுவில் பிளக்கும். காய்ந்த கல்லில் பக்கத்துக்கு அரை நிமிடம், அங்கங்கே கரும்புள்ளி விழும்வரை போட்டு, எடுத்ததும் துணிக்குள் அடுக்கி மூடி வையுங்கள், உள்ளே இருக்கும் ஆவியில் மிருதுவாகிவிடும். மெல்லியதாக இருந்தால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள், தெருவோர டாக்கோ கடைகளில் செய்கிற தந்திரம்தான்.

வீட்டிலேயே டோர்டியா செய்யலாமா? என்னிடம் மக்காச்சோள மாவு இருக்கிறது.

செய்யலாம், ஆனால் அந்த மாவில் வராது. வேண்டியது மாசா ஹரினா. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க அதிலேயே ஊறவிட்டு, தோலைக் கழுவி அரைத்து உலர்த்திய மாவு அது. நிக்ஸ்டமாலாக்கம் என்பார்கள், மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கும் முறை. சுண்ணாம்பு தோலைக் கரைத்து மாவுக்குப் பிடிப்பைத் தருகிறது, டோர்டியாவுக்கென்றே உள்ள அந்த வாசமும் அதனால்தான். அதோடு சோளத்தில் உடம்பால் எடுத்துக்கொள்ள முடியாதபடி அடைபட்டிருக்கும் நியாசின் சத்தையும் விடுவிக்கிறது. மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குப் போனபோது இந்த முறை கூடவே போகவில்லை, சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளை நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் வாட்டியது.

சாதாரண மக்காச்சோள மாவைப் பிசைந்தால் தட்டும்போதே விரிசல் விட்டு உதிரும். கார்ன்ஃப்ளார் என்று விற்கும் வெள்ளை மாவோ வெறும் ஸ்டார்ச், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மாசா ஹரினா கிடைத்தால்: 2 கப் மாவு, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒன்றரை கப் வெதுவெதுப்பான தண்ணீர். பிசைந்து, ஈரத்துணி போட்டு 20 நிமிடம் விடுங்கள். ஓர் உருண்டையை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள், ஓரம் வெடித்தால் இன்னும் ஒரு கரண்டி தண்ணீர், கையில் ஒட்டினால் கொஞ்சம் மாவு. வெட்டி விரித்த இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவில் வைத்து, தட்டையான அடி உள்ள பாத்திரத்தால் அழுத்தினால் வட்டம் தயார். நன்கு காய்ந்த கல்லில் முதல் பக்கம் அரை நிமிடத்துக்கும் குறைவு, திருப்பி ஒரு நிமிடம், மறுபடி திருப்பினால் உப்பும். எல்லாம் உப்பாது, உப்பாததும் நன்றாகத்தான் இருக்கும்.

வளைந்து மொறுமொறுவென்று இருக்குமே, அந்த ஷெல்?

அது அமெரிக்காவில் பரவிய வடிவம், மெக்சிகோவில் பொரித்த டாக்கோக்கள் உண்டு என்றாலும் வழக்கமாகச் சாப்பிடுவது மிருதுவான டோர்டியாவில்தான். ஷெல் பிடிக்குமென்றால் தாராளமாக வாங்குங்கள், அவனில் ஐந்து நிமிடம் சூடாக்கிவிட்டு நிரப்புங்கள். டோஃபுவில் துளி ஈரம்கூட இருக்கக் கூடாது, அடி ஊறி உடைந்தால் எல்லாம் மடியில்தான்.

மேலே என்னென்ன வைக்கலாம்?

மூன்று விஷயம் இருந்தால் போதும் என்பது என் கட்சி: புளிப்பு, பச்சையாக நறுக்கென்று கடிபட ஒன்று, கொழுகொழுவென்று ஒன்று. வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டுப் பிசறி 20 நிமிடம் வைத்தால், சிவப்பு வெங்காயமாக இருந்தால், அமிலம் பட்டு அழகான இளஞ்சிவப்பாகிவிடும், முதலிரண்டுக்கும் அது ஒன்றே போதும். கொழுப்புக்கு அவகாடோ. நன்றாகப் பழுத்ததை உப்பு, எலுமிச்சைச் சாறோடு முள்கரண்டியால் மசித்தாலே ஆயிற்று.

சால்சா வேண்டுமென்றால், தக்காளி, பாதி வெங்காயம், பச்சை மிளகாய், தோலோடு பூண்டு எல்லாவற்றையும் வெறும் கல்லில் கருகக் கருகச் சுட்டு, உப்புப் போட்டுக் கொரகொரப்பாக அரையுங்கள். தக்காளி, வெங்காயத்தைச் சுடாமல் அப்படியே நறுக்கிச் செய்யும் பீக்கோ டி கயோவும் நல்லதுதான், நீரை வடித்துவிட்டு வையுங்கள். கொத்தமல்லித்தழை தாராளமாக.

லெட்யூஸ், துருவிய மஞ்சள் சீஸ், சவர் கிரீம் என்று மலைபோல் அடுக்குவது அமெரிக்கப் பாணி. தப்பில்லை, ஆனால் அவ்வளவு பாடுபட்டு முறுகவிட்ட டோஃபு எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருக்கும்.

டோஃபு சைவம்தான். மற்ற பொருட்களில் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு. டப்பாவில் வரும் மசித்த பீன்ஸிலும் சில கோதுமை டோர்டியாக்களிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். வூஸ்டர்ஷைர் சாஸில் வழக்கமாக நெத்திலி மீன் இருக்கும். கொத்திஹா போன்ற சீஸ்களில் சிலவற்றில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலைத் திரிக்கும் ரெனட் இருக்கலாம், சைவம் என்று உறையில் போட்டிருந்தால் மட்டும் நம்புங்கள். குளூட்டன் ஆகாதவர்கள் சோயா சாஸையும் பார்க்க வேண்டும், பெரும்பாலானவற்றில் கோதுமை உண்டு, கோதுமை சேர்க்காத தமாரி என்ற சோயா சாஸ் வாங்கலாம். சோயா ஒவ்வாமை இருப்பவர்களுக்கு இந்தப் பக்கமே உதவாது, காளானையோ கறுப்பு பீன்ஸையோ இதே மசாலாவில் புரட்டிக்கொள்ளுங்கள்.

அவனிலோ ஏர் ஃப்ரையரிலோ செய்யலாமா?

தாராளமாக, நாலைந்து பேருக்கு மேல் என்றால் அதுதான் சுலபம். துருவிய டோஃபுவை எண்ணெய், சோயா சாஸ், மசாலாத்தூள்களோடு பிசறி, பேக்கிங் தாளில் மெல்லியதாகப் பரப்பி, 200 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம். நடுவில் இரண்டு முறை கிளறுங்கள், ஓரத்தில் இருப்பது முதலில் கருகும். ஏர் ஃப்ரையரில் துண்டுகள் 12 முதல் 15 நிமிடத்தில் ஆகிவிடும், உதிர்த்தது காற்றில் பறக்கும், சரிவராது.

சோயா வாடை எனக்குப் பிடிக்கவில்லை. போகுமா?

பாதி வாடை பாக்கெட் தண்ணீரிலேயே போய்விடும், கொட்டிவிட்டுக் கழுவுங்கள். மேலே சொன்ன கொதிக்கிற உப்புத் தண்ணீர் முறை மீதியையும் கொஞ்சம் குறைக்கும். நன்றாகச் சிவந்துவிட்டால் வறுத்த வாசம்தான் முன்னால் நிற்கும். புளித்த வாடையோ வழவழப்போ இருந்தால் கதை வேறு, அது பழுதானதன் அறிகுறி, தூக்கிப் போடுங்கள்.

புரதம் எவ்வளவு கிடைக்கும்?

கெட்டித்தன்மையைப் பொறுத்து 100 கிராமுக்கு ஏறக்குறைய 10 முதல் 17 கிராம் வரை, உறையின் பின்னால் போட்டிருப்பார்கள். உடம்புக்குத் தேவையான அமினோ அமிலங்கள் எல்லாமே சோயாவில் இருக்கின்றன. கால்சியம் சல்ஃபேட்டில் திரித்த டோஃபுவென்றால் கால்சியமும் கூடுதல்.

பிள்ளைகளுக்குக் காரம் ஆகாதே?

சிபோட்லேவைச் சமைக்கும்போது சேர்க்காமல், பெரியவர்களின் சால்சாவில் அரைத்துவிடுங்கள். பாப்ரிகாவில் காரம் அநேகமாக இருக்காது, நிறமும் வாசமும் குறையாது.

மிச்சமானால் எத்தனை நாள் வைக்கலாம்?

சமைத்த டோஃபு மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் 3 முதல் 4 நாள் இருக்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் தொளதொளத்துப் போகும், வாணலியில் சில சொட்டு எண்ணெய் விட்டுப் பரப்பினால் முறுகல் திரும்பிவிடும். டோஃபு, டோர்டியா, சால்சா மூன்றையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள், மடித்து வைத்த டாக்கோ மறுநாள் ஊறிப்போய் வாயில் வைக்க முடியாது. பாக்கெட்டைப் பிரித்துப் பாதி டோஃபு மட்டும் எடுத்திருந்தால், மீதி மூழ்குமளவு தண்ணீர் ஊற்றி, தினமும் தண்ணீரை மாற்றி மூன்று நாலு நாளுக்குள் முடித்துவிடுங்கள். அதற்குள் முடியாதென்று தெரிந்தால் அன்றைக்கே ஃப்ரீசரில் போட்டுவிடலாம், அடுத்த டாக்கோவுக்கு அதுதான் இன்னும் நன்றாக இருக்கும்.